செவியை எழுப்பும் ஒளி

செவிப்புலன் இழந்தோர்க்கு ஒலியை மீட்டுக்கொடுக்கும் முயற்சி இரு நூற்றாண்டு வரலாறுடையது. இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா, தாம் அமைத்த மின்கல அடுக்கின் இரு முனைகளையும் தம் செவிகளிற் செலுத்திப் பார்த்த செய்தியை 1800இல் வெளியிட்டார். தலையில் ஓர் அதிர்ச்சி. அதனையடுத்துக் கூழ் கொதிப்பதுபோன்ற ஓசை. அபாயமெனக் கண்டு அவர் அதனை மீண்டும் செய்யவில்லை. ஆயினும், புறத்தே ஒலியின்றியே செவியில் ஒலியுணர்வை எழுப்பலாம் என்பது புலனாயிற்று.

அவ்வுண்மை வைத்தியமாக மலர ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1957இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ என்னும் ஆராய்ச்சியாளரும் எய்ரியே என்னும் சத்திரவைத்தியரும் செவிப்புலனற்ற ஒருவரின் செவிநரம்பருகே மின்வாயைப் பொருத்தினர். அவர் ஒலியின் சந்தத்தை உணர்ந்தார். சில சொற்களையும் இனங்கண்டார். கருவியோ நெடுநாள் நிலைக்கவில்லை. கண்டுபிடிப்பை ஒரு தனி நிறுவனத்துக்கு உரியதாக்க ஜூர்னோ இசையாமையால் இருவரும் பிரிந்தனர். 1961இல் லொஸ் ஏஞ்சல்ஸிலும், 1977இல் வியன்னாவிலும், 1978இல் மெல்பேணிலும் அப்பணி தொடர்ந்தது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இக்கருவியாற் பேச்சைக் கேட்கின்றனர்.

எனினும் மின்சாரத்துக்கு ஒரு குறையுண்டு. உட்செவியின் நத்தைச் சுருளில் நிறைந்துள்ள உப்பு நீர்மத்தில் அது பரந்து செல்கின்றது. ஏறத்தாழ 30,000 நரம்பிழைகளை இருபதுக்குச் சற்று ஏறக்குறைய உள்ள மின்வாய்களே தூண்டுகின்றன. அயற்றந்திகளும் சேர்ந்ததிரும் வீணையிற் சுருதி எங்ஙனம் தெளியும்? எனவேதான் பேச்சு விளங்குவோர்க்கும் இசை தெளிவதில்லை.

இக்குறையைக் களைய ஒளியை நாடினர் ஆராய்ச்சியாளர். செந்நிறக்கீழ் லேசர் ஒளி எலியின் கால்நரம்பைத் தூண்டுவதை வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தார் 2005இல் அறிவித்தனர். 2006இல் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார் பாலைநில எலியினமொன்றின் செவிநரம்பில் அதனைச் செய்துகாட்டினர். உயிரணுவைச் சூழ்ந்த நீர் ஒளியை உறிஞ்சிக் கணப்பொழுதிற் சூடேறுகின்றது. அதனால் மென்சவ்வின் மின்கொள்ளளவு மாற, நரம்பு விழிப்புறுகின்றது. ஒளி மின்சாரம்போற் பரவாதாகையால், வேண்டிய இழைகளை மட்டும் தூண்டலாம் என்பது நம்பிக்கை.

ஆயின் ஐயமும் எழுந்துள்ளது. செவியின் மயிரணுக்கள் அழிந்த விலங்குகள் சிலவற்றில் ஒளி பயனளிக்கவில்லை. வெப்பம் நீர்மத்தில் எழுப்பும் நுண்ணொலியையே எஞ்சிய மயிரணுக்கள் கேட்டனவோ என அறிஞர் வினவுகின்றனர். அங்ஙனமாயின், யாருக்காக இவ்வழி தேடப்பட்டதோ அவர்க்கே அது உதவாது. சோதனையே இதற்குத் தீர்ப்பளிக்க வேண்டும்.

ஒளி வென்றாலும் வேறொரு வினா எஞ்சும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி, செவிப்புலன் குறைவால் உதவி வேண்டிநிற்போர் 43 கோடிக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்வோர். பழைய மின்கருவியே அவரிற் பெரும்பான்மையோர்க்கு எட்டாதிருக்கையில், புதிய ஒளிக்கருவி எவர் செவியைச் சென்றடையும்? கண்டுபிடிப்பு யாருக்குரியது என்று 1957இன் பின் பாரிஸில் எழுந்த பிணக்கை நாம் பழங்கதையென ஒதுக்கிவிட முடியாது.