விழித்திரை லேசர் சிகிச்சை: அரசு நிதியில் நடந்த ஆய்வுகள்

சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையின் நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபடும். ரத்தம் எட்டாத பகுதிகளைக் காக்கப் புதிய நாளங்கள் முளைக்கும். அவை வலுவற்றவை, கசியும், வெடிக்கும், கண்ணுக்குள் ரத்தம் நிரப்பும். இதைத் தடுக்க விழித்திரையின் ஓரப்பகுதிகளில் லேசரால் சூடுவைப்பதே இந்தச் சிகிச்சை. ஒளியால் சூடுவைக்கும் வித்தை ஜெர்மனியில் பிறந்தது. அதனால் பயன் உண்டா என்பதை ஐயமறக் காட்டியது அமெரிக்க மக்களின் வரிப்பணம்.

1945 ஜூலை 9 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துக் கண்ணைச் சுட்டுக்கொண்டவர்கள் ஹாம்பர்க் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்தக் காயங்களைக் கண்ட இளம் மருத்துவர் கெர்ஹார்ட் மேயர்-ஷ்விக்கெராத்துக்கு, ஒளி சுடுமென்றால் சுடுவதையே சிகிச்சையாக்கலாமே என்று தோன்றியது. சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். மேகம் மறைத்தால் வேலை நின்றுபோகும். பின்னர், 1950களில், ஸைஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் லிட்மானுடன் சேர்ந்து செனான் விளக்குக் கருவியை உருவாக்கினார். 1960இல் தியோடர் மெய்மன் ரூபி லேசரை இயக்கிக் காட்டியதும், சில ஆண்டுகளிலேயே கண் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ரத்தத்தின் சிவப்பு நன்றாக உறிஞ்சும் நீலப்பச்சை ஒளி தரும் ஆர்கான் லேசர் 1960களின் பிற்பகுதியில் வந்தது.

கருவி வந்துவிட்டது, ஆனால் நம்பலாமா? கண் மருத்துவம் அப்போது ஒருமுறை சூடுபட்டிருந்தது. பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணின் விழித்திரை நோய் தானே பின்வாங்கியதாக 1953இல் டென்மார்க்கின் பௌல்சன் எழுதினார். அந்த ஒற்றைச் சம்பவத்தை நம்பி நோயாளிகளின் பிட்யூட்டரியையே அகற்றும் பழக்கம் பரவியது. அது உயிருக்கே ஆபத்தான அறுவை. பிழைத்தவர்களும் ஆயுள் முழுக்க ஹார்மோன் மருந்தை நம்பியே வாழவேண்டும். பாஸ்டனில் ஜாஸ்லின் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் பீதமும் லாயிட் எம். அயெல்லோவும் வேறொன்றைக் கவனித்தார்கள். பழைய காயத்தழும்பு உள்ள விழித்திரையையும், கடும் கிட்டப்பார்வை உள்ள கண்ணையும் இந்நோய் அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆகவே தழும்பை நாமே உண்டாக்கினால் என்ன என்று ரூபி லேசரால் விழித்திரையெங்கும் புள்ளிபுள்ளியாகச் சுட்டார்கள். நல்ல கணிப்புதான், கணிப்பு நிரூபணமாகாது.

1968இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய கண் நிறுவனத்தை அமைத்தது. அதே ஆண்டு வர்ஜீனியாவின் ஏர்லி ஹவுஸில் கூடிய வல்லுநர்கள், நோயின் நிலைகளைப் புகைப்படம் வைத்து வகைப்படுத்தும் முறையை வகுத்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல், நிறுவனத்தின் பணத்தில், ‘நீரிழிவு விழித்திரை ஆய்வு’ எழுந்தது. 1972க்கும் 1975க்கும் இடையில் 15 மருத்துவ மையங்களில் 1,758 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்குச் செனானாலோ ஆர்கானாலோ சிகிச்சை, மறு கண்ணுக்கு இல்லை; எந்தக் கண் என்பதைக் குலுக்கல் போலத் தற்செயலாகத் தீர்மானித்தார்கள். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், வயது எல்லாம் இரண்டு கண்ணுக்கும் ஒன்றே என்பதால் இந்த ஒப்பீட்டில் சாக்குச் சொல்ல இடமில்லை. நோயாளி தாடையைக் கருவியில் ஊன்றி உட்காருவார். மரத்துப்போகச் சொட்டுமருந்து விட்டு, கண்மேல் ஒரு வில்லையைப் பொருத்துவார்கள். ஆர்கான் முறையில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் 800 முதல் 1,600 சூடுகள் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம்.

அளவுகோலும் கறாரானது. 200 அடியில் தெரியவேண்டிய எழுத்து 5 அடியில்கூடத் தெரியாத நிலை, நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை தொடர்ந்து பதிவானால்தான் கடும் பார்வையிழப்பு என்று கணக்கில் சேரும். 1976இல் வெளியான முடிவுப்படி, ஈராண்டில் சிகிச்சை பெறாத கண்களில் சுமார் 16 விழுக்காடும், பெற்ற கண்களில் சுமார் 6 விழுக்காடும் அந்த நிலைக்குப் போயின. உடனே திட்டத்தைத் திருத்தி, ஆபத்தில் இருந்த மறு கண்களுக்கும் சிகிச்சை தர அனுமதித்தார்கள். பக்கப்பார்வை குறைவது போன்ற தீமைகள் செனானில் கூடுதலாக இருந்ததால் ஆர்கானே நிலைத்தது.

சுட்டால் ஏன் பலிக்கிறது என்ற கேள்வி தனியே ஓடியது. ரத்த ஓட்டத்தை அளக்கவும் லேசரே உதவியது: ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைமாற்றத்தைக் கொண்டு விழித்திரை நாளங்களில் வேகத்தை அளக்கலாம் என்று 1972இல் சார்லஸ் ரீவா குழுவினர் முயல்களில் காட்டினார்கள். சிகிச்சைக்குப் பின் நாளங்கள் சுருங்கி, ஓட்டம் குறைவது பின்னர் இம்முறையால் தெரிந்தது. ஓட்டம் குறைந்தும் கண் பிழைக்கிறது. ஏனெனில் சுடப்படும் ஒளியுணர் செல்கள்தான் ஆக்சிஜனை அதிகம் குடிப்பவை. அவை குறைந்தால் மிச்சமாகும் ஆக்சிஜன் பட்டினி கிடக்கும் திசுவுக்குப் போகும். அந்தப் பட்டினியின் கூக்குரலாக, புதிய நாளங்களை முளைக்கச் செய்யும் புரதம் நோயாளிகளின் கண் திரவத்தில் மிகுந்திருப்பதை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை எழுதியவர்களில் முதல்வர் லாயிட் பால் அயெல்லோ, ஜாஸ்லினின் அந்த அயெல்லோவின் மகன்.

தேசிய கண் நிறுவனத்தின் அடுத்த பெரிய ஆய்வில் 3,711 நோயாளிகள் பங்கேற்றார்கள். பார்வை மையத்தில் நீர்கோத்த கண்ணில் கசியும் இடங்களை மட்டும் சுட்டால் மிதமான பார்வையிழப்பு பாதியாகும் என்று அந்த ஆய்வு 1985இல் அறிவித்தது. ஆஸ்பிரின் மாத்திரை இந்த நோயைக் குறைப்பதுமில்லை, கண்ணுக்குள் ரத்தக்கசிவைக் கூட்டுவதுமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. சில காசு மாத்திரையைப் பற்றிய இக்கேள்விக்கு எந்த மருந்துக் கம்பெனி பணம் போட்டிருக்கும்?

இந்த நூற்றாண்டில், புதிய நாளங்களை முளைக்கச் செய்யும் அந்தப் புரதத்தை அடக்கும் ஊசிமருந்துகள் வந்தபின் அதே நிலைமை பெரிய தொகையில் திரும்பியது. ஒரே கம்பெனியின் இரு மருந்துகளில் லுசென்டிஸ் அப்போது ஒரு ஊசிக்குச் சுமார் 2,000 டாலர். புற்றுநோய்க்கென வந்த அவாஸ்டினைப் பிரித்துக் கண்ணுக்குப் போட்டால் சுமார் 50 டாலர்தான் ஆனது. முதுமையில் பார்வை மையத்தைத் தாக்கும் மாக்குலா நோய்க்கு இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிட்ட ஆய்வுக்குத் தேசிய கண் நிறுவனமே நிதியளித்தது. ஓராண்டு முடிவில் பார்வையில் இரண்டும் சமம் என்று 2011இல் தெரிந்தது.

2015இல், அரசு நிதியில் இயங்கும் மற்றொரு மருத்துவமனைக் கூட்டமைப்பு, முற்றிய நீரிழிவு விழித்திரை நோய்க்கு ஊசி லேசருக்குச் சளைத்ததல்ல என்று ஈராண்டுத் தரவுகளோடு காட்டியது. ஆனால் ஊசி போட்டுக்கொள்பவர் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வரவேண்டும்; இடையில் வராமல் விட்டால் நாளங்கள் மறுபடி முளைக்கும். லேசர் பெரும்பாலும் சில அமர்வுகளில் முடிந்துவிடும். தொடர்ந்து வர இயலாத நோயாளிக்கு மருத்துவர்கள் இன்றும் லேசரையே பரிந்துரைக்கிறார்கள்.