இறகு அந்துப்பூச்சிக்குப் பெயர் வைத்தல்: 1864உம் இன்றும்

முன்சிறகு பெரும்பாலும் இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளவுபட்டு, உட்காரும்போது சிறகைச் சுருட்டி ஆங்கில ‘டி’ எழுத்துபோலத் தெரிவது இறகு அந்துப்பூச்சி. உலகில் 1,500க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வெப்பமண்டலக் காடுகளிலிருந்து புதியவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பெயர் வைக்கும் முறைதான் அடியோடு மாறிவிட்டது.

1864இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் பூச்சிப் பட்டியலை எழுதிய பிரான்சிஸ் வாக்கர், கப்பலில் வந்து சேர்ந்த காய்ந்த பூச்சிகளை லண்டனில் உட்கார்ந்தபடி விவரித்தார். லத்தீனில் சில வரி, ஆங்கிலத்தில் சில வரி: சிறகின் நிறம், கோடு, நீளம், வந்த ஊர். அவ்வளவுதான். இன்றைய ஆய்வாளர் சிறகோடு நிற்பதில்லை. வயிற்றுப் பகுதியைக் கழற்றி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, எஞ்சும் இனப்பெருக்க உறுப்பின் கூட்டைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் விரிக்கிறார். இறகு அந்துப்பூச்சிகளில் ஹெல்லின்சியா என்ற பேரினத்து ஆணில், பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரு மடல்களும் ஒன்றுபோல் இருக்காது. இடப்பக்க மடலில் இருக்கும் முள்ளின் நீளத்தையும் வளைவையும் வைத்தே இனம் பிரிக்கிறார்கள். சிறகில் எல்லாமே மங்கல் பழுப்பாக இருக்கும்போது அந்த முள்தான் கைகொடுக்கிறது.

சிறகை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வாக்கரே சாட்சி. 1794இலேயே ஃபாப்ரிசியஸ் ‘லியூகோடாக்டைலா’ என்று பெயரிட்டிருந்த ஒரு பூச்சிக்கு, வாக்கர் 1864இல் ‘டிஃபெக்டாலிஸ்’, ‘காங்ருவாலிஸ்’, ‘ஆக்சிடாக்டைலஸ்’ என்று மூன்று புதுப் பெயர்களைச் சூட்டினார். வெப்பமண்டலம் எங்கும் பரவிய பூச்சி அது. வேறு வேறு ஊரிலிருந்து, செதில் உதிர்ந்து வந்தால் வேறு வேறாகத்தான் தோன்றும்.

ஆனாலும் அந்தத் தவறு பின்னால் பிடிபட்டது. ஏனென்றால் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது, எந்தப் பூச்சியைப் பார்த்து அது வைக்கப்பட்டதோ அந்த மூலமாதிரிப் பூச்சியின்மேல். விவரிப்பு வரிகளின்மேல் அல்ல. பழைய மாதிரியை எடுத்துப் பார்த்து ஒப்பிட முடிகிறவரை எந்தப் பெயரையும் சரிபார்க்கலாம். 1999க்குப் பிறகு பெயரிடப்படும் எந்த விலங்கினத்துக்கும் மூலமாதிரி எது என்று வெளிப்படையாகக் குறித்தே ஆகவேண்டும் என்கிறது பன்னாட்டு விதி.

புதிய முறைக்கும் ஓர் ஓட்டை உண்டு. விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஒன்றிரண்டு பூச்சிகளை, சில நேரம் ஆணை மட்டும், வைத்துக்கொண்டு எழுதிய விவரிப்புகள் வெப்பமண்டலத்தில் ஏராளம். ஆணின் மடலைப் பார்த்துப் பெயர் வைத்த இனத்தின் பெண் நாளை வேறொருவர் கையில் சிக்கினால், இரண்டாம் பெயர் பிறக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? வாக்கர் வழுக்கிய அதே இடந்தான்.

இந்த ஓட்டையை அடைக்கும் வழியை டி. பி. ஃபிளெட்சர் என்ற பூச்சியியலாளர் நூறாண்டுக்கு முன்பே காட்டினார். 1909இல் இலங்கையின் இறகு அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதியவர் அவர். பிறகு கோயம்புத்தூரிலும் பீகாரின் பூசாவிலும் வேலை பார்த்தபோது புழுவைச் செடியோடு கொண்டுவந்து வளர்த்தார். ஒரே செடியில் வளர்த்த புழுக்களிலிருந்து ஆணும் பெண்ணும் வெளிவந்தால் சந்தேகம் பெரிதும் குறையும். செடியின் பெயரும் சேர்ந்தே கிடைக்கும்: மேலே சொன்ன லியூகோடாக்டைலாவின் புழு தின்பது நம் தரிசுகளில் படரும் மூக்கிரட்டையை. வளர்க்க முடியாத இடத்தில் இன்று மரபணு உதவுகிறது: ஒரு கால் போதும், 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து, புழுவையும் ஆணையும் பெண்ணையும் ஒரே இனமென்று இணைத்துவிடலாம்.

புது இனத்தை விவரிப்பது என்றால் ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிரிக்க வாக்கருக்கும் இன்றைய ஆய்வாளருக்கும் தெரியும். அவருக்குக் கண், இவருக்கு நுண்ணோக்கி. சேர்க்கத் தெரியாததுதான் வாக்கரின் குறை. செடியின் பெயரும் மறுபாலும் இல்லாத விவரிப்பு, படங்கள் எத்தனை தெளிவாக இருந்தாலும், இன்றும் அதே குறையோடுதான் அச்சாகிறது.