ஆப் செய்யும் முன் திரையை வரைந்து பார்ப்பது எதில்? ஃபிக்மாவா, பென்பாட்டா, வெறும் பேப்பரா? முழு விவரம்

கோவை: அவிநாசி சாலையில் கருமத்தம்பட்டியில் இறங்கி சோமனூர் பக்கம் திரும்பினால் தறிச் சத்தம். அதே சாலையில் கோவையை நோக்கிப் போனால் கணியூர், அரசூர், நீலாம்பூர் என்று இன்ஜினீயரிங் கல்லூரிகள். இந்த இரண்டு தரப்பும் சந்திக்கும்போது வரும் கேள்விதான் இது. தறிக்காரர் ஒருவர், "கூலிக் கணக்கைப் போன்லயே பாக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு கண்ணு" என்று காலேஜ் படிக்கும் பையனிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடிங் தொடங்கும் முன் திரை எப்படி இருக்கும் என்று அவருக்கு வரைந்து காட்ட வேண்டும். அதை எதில் வரைவது?

யூடியூபில் தேடினால் முதல் பதில் ஃபிக்மா என்றுதான் வரும். தப்பில்லை. ஆனால் அது இரண்டாவது பதிலாக இருப்பதுதான் நல்லது.

மாக்-அப் என்றால் என்ன?

ஆப்பின் திரைகளை நிஜமாக உருவாக்கும் முன், பார்வைக்காக மட்டும் செய்யும் மாதிரிதான் மாக்-அப். வெறும் கோடும் கட்டமுமாக இருந்தால் அதற்கு வயர்ஃபிரேம் என்று பெயர். தொட்டால் அடுத்த திரைக்குப் போகிற மாதிரி இணைத்துவிட்டால் புரோட்டோடைப்.

நெசவுத் தொழிலில் இது பழைய சங்கதி. சோமனூர் பக்கம் ஓடுவது பெரும்பாலும் காடா துணி என்பதால் இங்கே அதிகம் தேவைப்படாது. சிறுமுகை மாதிரி பட்டுச் சேலை நெய்யும் ஊர்களில் கேட்டுப் பாருங்க. ஜக்கார்டு தறிக்குப் போகும் டிசைனை முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவது வழக்கம். எந்தப் பாவு இழை மேலே வரணும், எது கீழே போகணும் என்பதை அந்தக் கட்டங்கள் சொல்லும். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். தாளில் தப்பு என்றால் ரப்பர் போதும். அட்டை அடித்த பிறகு தப்பு தெரிந்தால் செலவு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தக் கட்டங்கள் திரைக்கு மாறிவிட்டன, வேலையின் வரிசை மாறவில்லை.

மரக்கட்டையை பாக்கெட்டில் வைத்துச் சுற்றியவர்

1996-ல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். திரைக்குப் பதில் அதன் மேல் ஒட்டிய காகிதம். யாராவது ஒரு தேதியில் சந்திக்கலாமா என்று கேட்டால், கட்டையை எடுத்து நிஜமாகவே அதில் பார்ப்பது போல பார்ப்பார். எது அடிக்கடி தேவைப்படுகிறது, எது தேவையே இல்லை என்பது அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு எந்தக் காசு கட்டிய டூலும் இதைவிட அதிகமாகச் செய்துவிடவில்லை!

பேப்பர் ஏன் முதலில்?

நம்ம தறிக்காரர் விஷயத்துக்கே வருவோம். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி, கூலிக்கு நெய்து, துணியாகத் திருப்பிக் கொடுப்பது இங்குள்ள முறை. கூலி மீட்டர் கணக்கில். அந்தக் கூலி உயர்வுக்காக 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்திப் போராடிய பகுதி இது. இங்கே திரையில் ஒரு எண் தப்பாக வந்தால் அது டிசைன் பிரச்சனையாக மட்டும் முடியாது.

ஆப் செய்யும் மாணவர் என்ன நினைப்பார்? "பாவு வந்தது 1000 மீட்டர், துணி போனது 940 மீட்டர், பாக்கி 60 மீட்டர்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு திரை போடுவார். கணக்குப் பாடத்தில் அது சரி. தறியில் தப்பு. ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து போவதால் பாவின் நீளத்தைவிட நெய்த துணியின் நீளம் குறையும். அந்தக் குறைவு துணி ரகத்துக்கு ரகம் மாறும். ஆரம்பத்திலும் முடிவிலும் தறியில் கட்டிய நூலில் கொஞ்சம் கழிவாகவும் போகும். (மேலே உள்ள எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.) நெய்தவரை கடன்காரர் மாதிரி காட்டும் அந்தச் சிவப்பு எழுத்தை, தறிக்காரர் பார்த்த நொடியில் பிடித்துவிடுவார். ஆனால் அவர் வாயைத் திறந்து சொல்லணுமே?

அங்கேதான் பேப்பர் உதவுகிறது. பென்சிலில் கிறுக்கிய திரையைக் காட்டினால், "இது ஆகாது தம்பி, மாத்து" என்று பேனாவை வாங்கி அவரே அடித்துக் காட்டுவார். கலர் கலராக, நிழல் விழுந்த பட்டன்களோடு முடித்துக் கொண்டுபோனால், "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். பையன் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தது, குறை சொல்ல மனசு வராது.

இந்த உளவியலை வைத்தே வந்த மென்பொருள் பால்சமிக். 2008-ல் இத்தாலியைச் சேர்ந்த பெல்டி குயிலிசோனி தொடங்கியது. அதில் எதை வரைந்தாலும் கையால் கிறுக்கியது போலவே தெரியும், வேண்டுமென்றே. சோதனைக் காலம் முடிந்தால் பணம் கட்ட வேண்டும். காசில்லாமல் அதே மாதிரி வேண்டும் என்றால் பிரவுசரில் திறக்கும் எக்ஸ்காலிட்ரா போதும்.

சரி, ஃபிக்மா எப்போது?

திரைகளின் வரிசையும் கணக்கும் முடிவான பிறகு. 2012-ல் டிலன் ஃபீல்டு, இவான் வாலஸ் இருவரும் தொடங்கி, 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பிரவுசரிலேயே ஓடும், ஒரே ஃபைலில் பல பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்தவர் போனிலேயே தட்டிப் பார்க்கலாம். வேலைக்கான இன்டர்வியூவில் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான். மாணவர் என்று உறுதிசெய்தால் கல்விக்கான கணக்கு இலவசம். இதற்காக மட்டும் ஆயிரக்கணக்கில் கட்டி கோர்ஸ் சேரும் முன் இதை ஒருமுறை முயற்சி செய்துவிடுங்க. நெட் வேண்டும் என்பதும், பெரிய ஃபைல் என்றால் அரசு கொடுத்த பழைய லேப்டாப் திணறும் என்பதும் இதன் குறைகள். ஸ்கெட்ச் பிரபலம்தான், ஆனால் வரைவதற்கு மேக் கம்ப்யூட்டர் தேவை.

நாளைக்கு அந்தக் கம்பெனி இருக்குமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. ஒரு காலத்தில் டிசைனர்கள் எல்லோரும் பயன்படுத்திய இன்விஷன், 2024 டிசம்பர் 31-ஓடு சேவையை நிறுத்திக்கொண்டது. ஃபிக்மாவை 2000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் முட்டுக்கட்டை போட, 2023 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. இதற்கிடையில் அடோபியின் சொந்த எக்ஸ்டி தனியாக விற்பனைக்குக் கிடைப்பது நின்று, புதிய வசதிகளும் வராமல் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. எக்ஸ்டி கற்றுக்கொண்டவர்கள் வேறு டூலுக்கு மாற வேண்டி வந்தது.

அந்தக் கவலை இருப்பவர்களுக்கு பென்பாட் இருக்கிறது. ஸ்பெயினின் கலேடோஸ் நிறுவனம் தொடங்கியது, ஓப்பன் சோர்ஸ். பிரவுசரிலும் ஓடும், விரும்பினால் கல்லூரி சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். எஸ்விஜி போன்ற பொதுத் தரங்களை வைத்து இயங்குவதால் வரைந்ததை வெளியே எடுப்பது எளிது. எந்த டூலாக இருந்தாலும் முடித்த திரைகளை பிடிஎஃப் ஆக ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்க.

தமிழை ஆரம்பத்திலேயே போடுங்க

'சேவ்' என்று எழுதி அளவெடுத்த பட்டனில் 'சேமிக்கவும்' உட்காராது. 'சப்மிட்' இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' வந்தால் இரண்டு வரியாக உடையும். 'கூ', 'ணி', 'ஞீ' எல்லாம் மேலும் கீழும் இடம் கேட்கும் எழுத்துகள், வரி இடைவெளியைக் கூட்டித்தான் ஆகணும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், ஃபிக்மாவுக்குள்ளேயே கிடைக்கும். டிடிபி கடையில் பாமினியில் அடித்த எழுத்தை ஒட்டினால் வேறு ஃபான்ட்டில் புரியாத குறிகளாக வரும், யூனிகோடுக்கு மாற்றியே ஒட்டணும்.

ஏஐ வரைந்து தராதா? தரும். 2025 மே மாதம் கூகுள் அறிமுகப்படுத்திய ஸ்டிச், எழுதிச் சொன்னாலே திரையைக் கொடுக்கிறது. ஃபிக்மாவிலும் மேக் என்ற வசதி வந்துவிட்டது. ஆனால் பாவு சுருங்கும் கணக்கை நீங்கள் சொல்லாவிட்டால், அதுவும் அதே சிவப்பு பாக்கியை இன்னும் அழகாகப் போட்டுத் தரும்.

வரைந்ததைக் கடைசியாகச் சோதிக்க வேண்டிய இடம் ஏசி லேப் இல்லை, தறிக் குடோன். போனை அங்கே கொண்டுபோய் தறி ஓடும்போதே கையில் கொடுத்துப் பாருங்க. அந்தச் சத்தத்தில் 'பீப்' ஒலி கேட்காது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதனால் பட்டன் பெரிதாக வேண்டும். எழுத்து கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், பஞ்சு படிந்த திரையிலும் எண் தெரியணும்.