செஞ்சிக் கல்லும் குன்னம் கல்லும்: கிரானைட், டோலரைட் ஒப்பீடு

கிரானைட், டோலரைட் இரண்டும் தீப்பாறைகள். பாறைக்குழம்பு ஆறி இறுகியதால் உண்டானவை. முன்னது வெளிறிய நிறமும் கண்ணுக்குத் தெரியும் படிகங்களும் கொண்டது. பின்னது கரியது, நுண்மணி கொண்டது, எடை கூடியது. புதுச்சேரியின் கல் கடைகளில் இரண்டையும் கிரானைட் என்றே விற்கிறார்கள். கரியதைப் பிரித்துச் சொல்ல 'பிளாக் கிரானைட்' என்பார்கள். பாறையியலில் அப்படி ஒரு கிரானைட் கிடையாது. தமிழில் 'கருங்கல்' என்ற சொல்லும் இரண்டையும் சேர்த்தே குறிப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

புதுச்சேரி நகரம் நிற்பது மணலிலும் வண்டலிலும். வடமேற்கே தெரியும் செம்மண் மேடு கடலூர் மணற்கல்லைச் சேர்ந்தது, அதாவது படிவுப்பாறை. தீப்பாறை வேண்டுமென்றால் மேற்கே போகவேண்டும். பிரெஞ்சு நகரம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கல்தூண்களும் வந்தேறிகள்தாம். 1750இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் விழுந்து, 1761 வரை அவர்கள் கையில் இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவு கொண்டுவரப்பட்ட தூண்கள் அவை.

செஞ்சியின் குன்றுகள் கிரானைட்டால் ஆனவை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. நிலத்துக்குக் கீழே பல கி.மீ. ஆழத்தில், மேலே போர்வைபோல மூடியிருந்த பாறை வெப்பத்தை வெளியே விடாமல் தடுத்ததால், குழம்பு மிக மெதுவாகவே ஆறியது. படிகங்களுக்கு வளர நேரம் கிடைத்தது. உடைந்த செஞ்சிக் கல் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மூன்று சரக்குகள் தனித்தனியே தெரியும்: கண்ணாடித் துண்டுபோன்ற சாம்பல் நிற வெங்கச்சங்கல், வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன பெல்ஸ்பார், ஊசி முனையால் ஏடு ஏடாகப் பிரிக்கக்கூடிய கரிய காக்காப்பொன். சிலிகாவின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. மேலிருந்த சுமை அரிப்பால் நீங்கியதும் பாறை விரிந்து வெடித்தது. வெடிப்பில் நீர் புகுந்து மூலைகளைத் தின்றது. யாரோ உருண்டைகளை அடுக்கிவைத்ததுபோல் செஞ்சியின் ராஜகிரிக் குன்று தோன்றுவது அதனால்தான்.

டோலரைட் உருவான விதம் வேறு. அதன் குழம்பு பூமியின் மேன்மூடகப் பகுதி உருகி உண்டானது. சிலிகா ஏறத்தாழ 50 விழுக்காடே, இரும்பும் மக்னீசியமும் அதிகம். அது பழைய பாறையின் பிளவுகளில் புகுந்து, மேற்பரப்புக்கு அதிக ஆழமில்லாத இடத்தில் சுவர்போல் இறுகியது. இத்தகைய சுவருக்கு டைக் என்று பெயர். பாடநூல்கள் கிரானைட்டை அடியாழப் பாறை என்றும் டோலரைட்டை இடையாழப் பாறை என்றும் பிரிப்பது இந்த ஆழ வேறுபாட்டைக் கொண்டுதான். ஒரு பாறையை ஊடறுத்துச் செல்லும் டைக் அந்தப் பாறையைவிட இளையதாகவே இருக்கவேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய வயதுக் கணக்கு இது. விரைந்து ஆறியதால் மணிகள் பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. உருப்பெருக்கியில் பார்த்தால் குச்சி குச்சியான பெல்ஸ்பார், பைராக்சீன் என்ற கரிய கனிமத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் செருகிக் கிடக்கும். அந்தப் பின்னல்தான் கல்லுக்கு உறுதி தருகிறது.

டோலரைட் என்ற பெயரைச் சூட்டியவர் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜூஸ்ட் ஆயி. 'ஏமாற்றுவது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். டயோரைட் என்ற வேறொரு பாறையோடு எளிதில் மயங்கும் என்பதால். கிரானைட் என்று விலைச்சீட்டு ஒட்டி நிற்கும் கரும்பலகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்தில் வெட்டப்படும் கரிய கல் உலகச் சந்தையில் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறது. ஜப்பானியக் கல்லறைக் கற்களில் 'குன்னம்' ஒரு தனி ரகம். மணி சிறியது என்பதால் மெருகு கண்ணாடிபோல் ஏறும். பொறித்த எழுத்தின் விளிம்பு உதிராது. கிரானைட்டில் உளி படும்போது முழுப் படிகமே பெயர்ந்து வரலாம். செஞ்சித் தூண்களின் நுண்வேலையை அருகே நின்று பார்க்கும்போது, அந்தக் கல்தச்சர் எவ்வளவு முரண்டு பிடிக்கும் கல்லை வசப்படுத்தினார் என்று வியக்காமல் இருக்க முடிவதில்லை.

வீட்டு வேலைக்கு வாங்குபவர் எடையைக் கவனிக்கலாம். 20 மி.மீ. தடிமனுள்ள 10 சதுர அடிப் பலகை கிரானைட்டில் சுமார் 49 கிலோ, டோலரைட்டில் சுமார் 55 கிலோ. எலுமிச்சைச் சாறு பளிங்கை மங்கவைக்கும். இவை இரண்டையும் அப்படித் தின்னாது. நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள சார்னோக்கைட் என்ற பாறையும் கருமையானதே. அது டோலரைட் அல்ல. சாயமேற்றிய பலகைகளும் விற்கின்றன. தின்னர் நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்தால் சாயம் பஞ்சில் ஏறும்.

மெருகிடாத கல்லுக்கு இன்னொரு சோதனை உண்டு. சிறு காந்தம் ஒன்றை நூலில் கட்டி, கல்லுக்கு மிக அருகே தொங்கவிடவேண்டும். டோலரைட்டில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் கலந்திருப்பதால் காந்தம் பெரும்பாலும் அதை நோக்கிச் சற்றே சாயும். வெளிறிய கிரானைட் பலவற்றின் அருகே நூல் நேராகவே நிற்கும்.