மாமனார், மாமியாரின் குடியேற்றம்: பழைய வழக்கும் பழைய திருமணமும்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் எடிசன் நகரில், குடியுரிமை பெற்ற பல குடும்பங்களில் அடுத்து எழும் பேச்சு, ஊரிலிருக்கும் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்வது பற்றியதாகும். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோருக்கு விசா எண்ணிக்கை வரம்பு கிடையாது என்று 1965ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வகை செய்தது. ஆனால் மாமனார், மாமியார் என்ற உறவுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. மனைவியின் தந்தைக்காக ஐ-130 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியவர் மனைவியே. அதற்கு அவர் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது.

மருமகனின் பங்கு பணத்தில் தொடங்குகிறது. வருபவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று, வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதத்தைக் காட்டி, ஐ-864 என்ற உறுதிப் பத்திரத்தில் மனுதாரர் கையெழுத்திட வேண்டும். மனைவிக்குத் தனி வருமானம் இல்லையெனில் கணவரும் கையெழுத்திடுகிறார். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது ஏறத்தாழ பத்தாண்டு வேலைக்கு ஈடான 40 காலாண்டுகள் அவர் கணக்கில் சேரும் வரை, அல்லது அவர் நிரந்தரமாக நாட்டைவிட்டு வெளியேறும் வரையோ இறக்கும் வரையோ இப்பொறுப்பு நீடிக்கும். கணவன் மனைவி மணவிலக்குப் பெற்றாலும் அது முடிவதில்லை. ஆகவே மாமனாரின் கடந்தகாலம் குறித்து மருமகன் கேள்வி கேட்பதை அவமரியாதை என்று கொள்வதற்கில்லை.

முதல் சிக்கல் திருமணம். தாய்க்காக மனுச் செய்யும்போது பிறப்புச் சான்றிதழே பெரும்பாலும் போதுமானது. தந்தைக்கு, பெற்றோரின் திருமணச் சான்றும் தேவை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் கோவிலிலோ வீட்டிலோ நடந்து, பதிவாகாமல் போன திருமணங்கள் ஏராளம். இவற்றுக்கு, விவரமறிந்த உறவினர்களின் பிரமாணப் பத்திரங்கள் உதவக்கூடும். தந்தை தாயைப் பிரிந்து, மணவிலக்குப் பெறாமலேயே வேறொருவருடன் குடும்பம் நடத்தியிருந்தால் நிலைமை கடினமாகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி அந்த இரண்டாவது திருமணம் செல்லாது. எனினும், அதில் பிறந்த பிள்ளைகளை அச்சட்டத்தின் 16ஆவது பிரிவு சட்டபூர்வமானவர்களாகவே ஏற்பதால், அத்தகைய மகளின் மனு அக்காரணத்தால் மட்டும் வீழ்ந்துவிடாது. மாற்றாந்தாய்க்கு மனுச் செய்ய வேண்டுமானால், தந்தையுடனான அவரது செல்லத்தக்க திருமணம் மனுதாரரின் 18 வயதுக்கு முன் நடந்திருக்க வேண்டும். தந்தையின் விசாவில் அவர் உடன் வரவும் முடியாது.

இரண்டாவது, குற்ற வழக்கு. ஒழுக்கக்கேடு சார்ந்தவை என்று அமெரிக்கச் சட்டம் கருதும் மோசடி, திருட்டு போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவருக்கு விசா மறுக்கப்படலாம். மூத்த மருமகள் கொடுத்த வரதட்சணைக் கொடுமைப் புகாரில் மாமியாரின் பெயரும் சேர்க்கப்படுவது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அவர் பின்னர் விடுவிக்கப்பட்டிருந்தாலும், கைதானதுண்டா என்ற படிவக் கேள்விக்கு ஆம் என்றே பதிலளித்து, நீதிமன்ற ஆவணங்களை இணைக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் நுட்பம் இங்குதான் இருக்கிறது. தண்டனை பெற்றவருக்கும் பல குற்றங்களில் விதிவிலக்கு கோர வழியுண்டு: சம்பவம் நடந்து 15 ஆண்டுகள் கழிந்து அவர் திருந்தியிருப்பதைக் காட்டலாம், அல்லது அமெரிக்காவிலுள்ள மகனோ மகளோ கடும் இன்னலுக்கு உள்ளாவார் என்று நிறுவலாம். கொலை, பெரும்பாலான போதைப்பொருள் குற்றங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. ஆனால் முக்கியமான ஓர் உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாக அதிகாரி முடிவு செய்தால், அத்தடை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அதற்கான விதிவிலக்கில் விண்ணப்பதாரரின் கணவன், மனைவி அல்லது பெற்றோருக்கு நேரும் இன்னல் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. அவர்களும் அமெரிக்கக் குடிமக்களாகவோ கிரீன் கார்டு பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். பிள்ளைகளின் இன்னல் அங்கே எடுபடாது. முதியவர் ஒருவருக்கு அமெரிக்காவில் அத்தகைய உறவு இருப்பது அரிது. அதாவது, பழைய வழக்கைக் கடந்து வந்துவிடக்கூடிய ஒருவர், அதை மறைத்த காரணத்தால் வரவே முடியாமல் போகலாம்.

பொய் பெரும்பாலும் குடியேற்ற மனுவில் தொடங்குவதுமில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க வருவதற்காக முன்பு எடுத்த சுற்றுலா விசாவின் படிவத்தை ஊரிலுள்ள முகவர் நிரப்பி, எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று குறித்திருப்பார். முதியவர் அதைப் படித்தே இருக்க மாட்டார். அந்தப் பதில்களும் கடவுச்சீட்டில் மனைவி என்று காணப்படும் பெயரும் புதிய படிவத்துடன் ஒப்பிடப்படலாம்.

எனவே விவரம் உறுதியாகத் தெரியாத குடும்பங்கள் மனுவுக்கு முன்பே தேடத் தொடங்குவது நல்லது. இந்திய நீதிமன்ற வழக்குகளை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரைக் கொண்டு தேடலாம். பழைய வழக்குகளுக்கு உரிய நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தந்தையிடம் கேட்கும் பொறுப்பு மருமகனை விட மகளுக்கே பொருந்தும், அவர்தான் மனுதாரர்.

விசா மறுக்கப்பட்ட பின் நீதிமன்றத்தை நாடுவது பெரும்பாலும் பயனளிப்பதில்லை. தூதரக அதிகாரியின் விசா முடிவுகளை நீதிமன்றங்கள் பொதுவாக மறுபரிசீலனை செய்வதில்லை. எல்சால்வடோர் நாட்டைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து அமெரிக்கக் குடிமகளான மனைவி தொடுத்த முன்யோஸ் வழக்கில், அமெரிக்க உச்சநீதிமன்றம் 2024 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.