ஊர் மெல்பர்ன், குரல் சிட்னி! - ஆஸ்திரேலிய எஃப்எம்களில் என்ன நடக்குது?

2024 ஏப்ரல் 29, திங்கட்கிழமை காலை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் காரை ஸ்டார்ட் பண்ணி 101.1 எஃப்எம்மை வெச்சவங்களுக்குக் கேட்டது, சிட்னியில் உட்கார்ந்து பேசும் ரெண்டு பேரோட குரல். கைல் சாண்டிலாண்ட்ஸ், ஜாக்கி ஓ. சிட்னியில் பல வருஷமா முன்னணியில் இருந்த ஜோடி. ரெண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 880 கிலோமீட்டர் ரோடு!

'ரேடியோதானே, எங்கிருந்து பேசினா என்ன?'னு தோணுதா? மெல்பர்ன்காரங்க அப்படி நினைக்கலை. ஏன்னு புரியணும்னா, அந்த ஊர் தனியார் ரேடியோக்கள் எப்படியெல்லாம் மாறி வந்திருக்குனு ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரணும்.

அந்த '3' எதுக்கு?

மெல்பர்ன் ஸ்டேஷன் பேர்களைப் பார்த்தா 3ஏடபிள்யூ, 3கேஇஸட், 3எக்ஸ்ஒய்னு இருக்கும். 3 என்பது விக்டோரியா மாநிலத்தோட எண். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கு 2, குயின்ஸ்லாந்துக்கு 4.

எழுத்துகளுக்குப் பின்னாலயும் கதை இருக்கு. 1932-ல் தொடங்கிய 3ஏடபிள்யூ-வில், 'ஏ' ஆலன்ஸ் என்ற இசைக்கடை, 'டபிள்யூ' வில்லியம்சன்ஸ் என்ற நாடக கம்பெனி. ரெண்டு பேரும் ஆரம்ப முதலாளிகள். 1930-ல் வந்த 3கேஇஸட், தொழிற்சங்கத்துக்காரங்களுக்கு நெருக்கமானது. கடைக்காரர், நாடகக்காரர், சங்கத்துக்காரர்னு எல்லாருமே அந்த ஊர்க்காரங்க. ரேடியோ பொறந்ததே உள்ளூர் முதலாளிகளோட கையில்தான்.

1980: எஃப்எம் என்ட்ரி

ஆஸ்திரேலியாவின் முதல் தனியார் எஃப்எம் தொடங்கியதும் மெல்பர்னில்தான். 1980 ஜூலை 11-ல் 92.3-ல் இயான் எஃப்எம் வந்தது. அடுத்த சில வாரத்துலயே 101.9-ல் ஃபாக்ஸ் எஃப்எம். கரகரப்பு இல்லாத ஸ்டீரியோ சத்தத்தில் பாட்டு கேட்டுப் பழகின இளசுகளுக்கு அப்புறம் ஏஎம் பக்கம் திரும்ப மனசு வருமா?

அடி வாங்கியது 3எக்ஸ்ஒய். 70-களில் மெல்பர்ன் டீனேஜ் பசங்களோட ராக் ஸ்டேஷன் அது. 90-களின் தொடக்கத்தில் அந்த ராக் ஸ்டேஷன் காணாமலே போச்சு. பேர் மட்டும் பிழைச்சது. இன்னைக்கு 3எக்ஸ்ஒய்னு தேடினா, கிரேக்க மொழி வானொலி ஒண்ணுதான் வரும்.

இயான் எஃப்எம் கதையும் சுவாரஸ்யம்தான். 80-களின் கடைசியில் ட்ரிபிள் எம் ஆகி, 105.1-க்குக் குடிமாறிச்சு. அது விட்டுட்டுப் போன 92.3-ல், இப்போ பல மொழிகளில் பேசும் 3இஸட்இஸட்இஸட் என்ற சமூக வானொலி இருக்கு.

பேர் மாறும், நம்பர் மாறும்!

80-களின் கடைசியில், ஏஎம் ஸ்டேஷன்கள் எஃப்எம்முக்கு மாற அரசாங்கம் ஏலம் விட்டது. மெல்பர்னில் ஜெயிச்சது ரெண்டு பேர். 1990 ஜனவரி 1-ம் தேதி 3கேஇஸட், 104.3-க்குப் போச்சு. இப்போ அதோட பேர் கோல்டு 104.3. அதே நாளில் 3டிடி, 101.1-க்கு மாறி டிடிஎஃப்எம் ஆச்சு. அதுதான் 2001-ல் மிக்ஸ் 101.1, 2015-ல் கிஸ் 101.1.

2001 டிசம்பரில் நோவா 100 வந்தது. 'தொடர்ந்து ரெண்டு விளம்பரத்துக்கு மேல போட மாட்டோம்' என்பது அவங்க வாக்குறுதி. விளம்பரத்தை ஸ்கிப் பண்ண வழியே இல்லாத காலத்தில், இது வேற லெவல் ஐடியா!

பேர் மாத்துறதுல சாம்பியன் 91.5. 2005-ல் வேகா, 2010-ல் கிளாசிக் ராக், 2012-ல் ஸ்மூத் எஃப்எம். ஏழு வருஷத்துல மூணு பேர். ஏஎம்மில் இருந்த 3ஏகே, 2004-ல் முழுநேர விளையாட்டு ஸ்டேஷனா மாறி எஸ்இஎன் ஆச்சு.

இன்னொரு மாற்றத்தையும் கவனிங்க. 2006-ல் 3ஏடபிள்யூ, 1278-ல் இருந்து 693-க்கு இடம் மாறிச்சு. நேயர்கள் தொலைஞ்சு போனாங்களா? இல்லை. கூடவே வந்தாங்க. ஏன்னா நம்பர்தான் மாறிச்சு, காலையில் பேசுற ஆளுங்க மாறலை.

யாருடைய ரேடியோ இது?

ஆஸ்திரேலியச் சட்டப்படி ஒரு நகரத்தில் ஒரு முதலாளி அதிகபட்சம் ரெண்டு தனியார் ரேடியோ லைசென்ஸ்தான் வெச்சுக்கலாம். அதனால எஃப்எம்கள் ஜோடி ஜோடியா இருக்கும். 2024 நிலவரப்படி ஃபாக்ஸ், ட்ரிபிள் எம் ஒரு குழுமம் (சதர்ன் கிராஸ்). கோல்டு, கிஸ் இன்னொண்ணு (ஏஆர்என்). நோவா, ஸ்மூத் மூணாவது (நோவா என்டர்டெயின்மென்ட்).

இந்த மூணு குழுமத்துக்குமே சிட்னி, பிரிஸ்பேன், பெர்த்னு மற்ற நகரங்களிலும் ஸ்டேஷன் உண்டு. ஒரே நிகழ்ச்சியை ரெண்டு ஊரில் போட்டா, செலவு ஒண்ணு, விளம்பர வருமானம் ரெண்டு! சின்ன ஊர் ஸ்டேஷன்களுக்குத்தான் 'இவ்வளவு நேரம் உள்ளூர் நிகழ்ச்சி கட்டாயம்'னு விதி இருக்கு. மெல்பர்ன் மாதிரி தலைநகரங்களுக்கு அது கிடையாது. 101.1-ல் நடந்ததும் சட்டப்படி சரிதான்.

அப்போ சிக்கல் எங்கே?

2023 நவம்பரில் கைல், ஜாக்கி ஓ ஜோடி ஏஆர்என் நிறுவனத்தோட 10 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. மதிப்பு சுமார் 20 கோடி ஆஸ்திரேலிய டாலர்னு செய்திகள் வந்தன. அவ்வளவு காசு கொடுத்தா ஒரு ஊரோட நிறுத்துவாங்களா? மெல்பர்னிலும் இவங்களே காலை நேரத்துக்குனு முடிவாச்சு. அதுவரை அங்கே காலை ஷோ பண்ணிட்டு இருந்த ஜேஸ் ஹாக்கின்ஸ், லாரன் பிலிப்ஸ் வெளியே.

அங்கேதான் ட்விஸ்ட். அந்த ஜோடியைப் போட்டி ஸ்டேஷனான நோவா 100 கூப்பிட்டு, காலை நேரத்தையே கொடுத்தது. 2024-ல் சர்வே முடிவுகள் வர ஆரம்பிச்சப்போ, மெல்பர்னில் வெளியேற்றப்பட்ட ஜோடி முன்னால போச்சு. சிட்னியில் கொடிகட்டிப் பறந்த ஜோடி கீழ் வரிசையிலேயே நின்னுது. அவங்க பேசுற அடல்ட்ஸ் ஒன்லி சமாச்சாரங்கள் கண்ணிய விதிகளை மீறுதுனு, கட்டுப்பாட்டு அமைப்பான ஏசிஎம்ஏ கிட்ட இருந்து குட்டும் வாங்கினாங்க. குழந்தைகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற நேரமாச்சே பாஸ்!

ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்கு எட்டு தடவை ரேடியோ சர்வே வரும். அதுல எல்லாரும் முதலில் பார்ப்பது காலை நேரத்தைத்தான். விளம்பரப் பணமும் பேரும் அங்கேதான். அதனால இந்தச் சறுக்கல் சின்ன விஷயம் இல்லை.

'நம்ம ஊர்க்காரர்'னா யாரு?

மெல்பர்னுக்குன்னு சில விஷயங்கள் இருக்கு. அந்த ஊரோட உயிர் ஏஎஃப்எல் ஃபுட்பால். சிட்னிக்கு ரக்பி லீக். மெல்பர்னில் டிராம் ஓடும். நடு நகரத்தில் சில சிக்னல்களில் வலது பக்கம் திரும்ப, இடது ஓரத்தில் போய் நிக்கணும். குதிரைப் பந்தயத்துக்கு அரசு விடுமுறை. இதையெல்லாம் தினமும் அனுபவிக்கிறவங்க பேசுறதுக்கும், கேள்விப்பட்டுப் பேசுறதுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

3ஏடபிள்யூ காலை நிகழ்ச்சியில் 'ரூமர் ஃபைல்'னு ஒரு பகுதி உண்டு. நேயர்கள் போன் பண்ணி, ஊரில் காதில் விழுந்த வதந்தியைச் சொல்வாங்க. எந்தக் கடை மூடுது, யார் வேலையை விடப்போறாங்க மாதிரி. நம்ம டீக்கடை பெஞ்ச்தான், ஸ்டுடியோவில் போட்டிருக்காங்க! இதை வேற ஊரில் இருந்து நடத்த முடியுமா சொல்லுங்க.

அதுக்காக, அங்கேயே பொறந்திருக்கணும்னு அர்த்தமில்லை. 2018-ல் கோல்டு 104.3, கிறிஸ்டியன் ஓகானலை இங்கிலாந்தில் இருந்து கூட்டிட்டு வந்தது. ஊரும் தெரியாது, ஃபுட்பாலும் தெரியாது. ஆனா குடும்பத்தோட மெல்பர்னில் வந்து குடியேறினார். தனக்குத் தெரியாததை நேயர்கள் கிட்டயே கேட்டுக் கத்துக்கிட்டார். பின்னாடி காலை எஃப்எம்மில் முதலிடமும் பிடிச்சார். பொறந்த ஊர் முக்கியமில்லை. நேயர் நனையுற அதே மழையில் பேசுறவரும் நனையணும், அவ்வளவுதான்.

அடுத்து, ஆளே இல்லாத குரல்!

இப்போ கேள்வி இன்னும் ஒரு படி மேல போயிருக்கு. அதே ஏஆர்என், சிட்னியில் நடத்தும் காடா என்ற ஸ்டேஷனில், வார நாட்களில் தினமும் 4 மணி நேரம் ஏஐ குரல் ஒண்ணைத் தொகுப்பாளரா ஓட்டியது. சில மாசம் கழிச்சு, 2025 ஏப்ரலில்தான் விஷயம் வெளியே தெரிஞ்சது. அது நிஜ ஆள் இல்லைனு நேயர்களுக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் பெரிய சர்ச்சை ஆச்சு.

பாட்டு வேணும்னா உங்க போனிலேயே லட்சக்கணக்கில் இருக்கு. ரேடியோ கிட்ட மிச்சம் இருக்கும் ஒரே தனிச்சரக்கு, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசும் அந்தக் குரல். மெல்பர்ன் ஸ்டேஷன்கள் 100 வருஷமா பேரை மாத்தினாங்க, நம்பரை மாத்தினாங்க, முதலாளியை மாத்தினாங்க. நேயர்கள் எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க. ஊரையே மாத்தினப்போதான் ஸ்டேஷனை மாத்திட்டாங்க!

நாளைக்குக் காலையில் உங்க ஃபேவரைட் எஃப்எம் போடும்போது ஒரு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. பேசுறவர் உங்க ஊர் டிராஃபிக்கில் மாட்டிட்டு வந்தவர்தானா?