லகுர்க்கா தேவாலயம்

லகுர்க்கா, ஜார்ஜியாவின் வடமேற்கே மேல் ஸ்வானேத்தி மலை வட்டாரத்தில், எங்குரி ஆற்றங்கரைக் காலா ஊர்களுக்கு மேலுள்ள குன்றின் உச்சியில் நிற்கும் சிற்றாலயம். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில் தார்சு நகரில் கொல்லப்பட்ட தாய் இவ்லித்தாவுக்கும் அவளுடைய சிறுவயது மகன் க்விரிக்கேவுக்கும் உரியது.

ஜார்ஜியக் கோயில் என்றதும் கூம்புக் கூரை போர்த்திய குவிமாடமே பலருக்கும் நினைவுக்கு வரும். 1029இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்வெத்தித்ஸ்கோவேலி பேராலயம் அதற்குப் பேர்போனது. லகுர்க்காவில் குவிமாடமே கிடையாது. ஸ்வானேத்தியின் மற்ற ஊர்க்கோயில்களைப் போல இதுவும் ஒற்றை அறைக் கல் கட்டடம். மேலே இருபுறம் சரிந்த கூரை. உள்ளே கூரை கூண்டுவண்டியின் கூண்டுபோல் வளைந்திருக்கிறது. கிழக்கில் அரைவட்டப் பலிபீட மாடம். அதை மக்கள் நிற்கும் பகுதியிலிருந்து கல்லாலான வளைவுத் தடுப்பு பிரிக்கிறது. சிலர் நின்றாலே இடம் நிறைந்துவிடும்.

கோயில் சிறுத்ததற்கு வறுமை காரணமல்ல. சுவரோவியங்களே இதற்குச் சாட்சி. 1111-12இல் இவற்றைத் தீட்டியவர் தெவ்தோரே. தம்மை 'அரசரின் ஓவியர்' என்றே அவர் கல்வெட்டுபோலச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது ஆண்ட மன்னர் 'கட்டுநர்' என்று புகழப்படும் நான்காம் தவீது. அரசவைக் கலைஞரின் கை இம்மலைக்கு எட்டியது ஒருமுறை மட்டுமல்ல: 1096இல் இப்ராரி ஊர்க்கோயிலிலும் 1130இல் நாகிப்பாரி ஊர்க்கோயிலிலும் இதே தெவ்தோரே வரைந்திருக்கிறார். மூன்றும் மிகச் சிறிய கோயில்களே. உருவங்கள் பெரியவை, கோடுகள் அழுத்தமானவை. சுவர் குறுகியது என்பதற்காக அவர் ஓவியத்தைக் குறுக்கவில்லை.

இக்கோயிலின் பெருஞ்செல்வம் ஷாலியானி எனப்படும் பைசாந்தியப் படிமம். சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைப் பொன்தகட்டில் வண்ணக் கண்ணாடிப் பூச்சால் காட்டும் இதன்முன் இவ்வட்டாரத்து ஸ்வான் மக்கள் சத்தியம் செய்வார்கள். அதை மீறத் துணிவோர் அரிது. சமவெளி படையெடுப்புகளால் சூறையாடப்பட்ட காலங்களிலும் இத்தகைய பொருள்கள் இம்மலைகளில் தப்பின. அவற்றைக் காத்ததில் கரடுமுரடான வழிகளுக்கு இருந்த பங்கு ஊர்க்கட்டுப்பாட்டுக்கும் உண்டு.

மெஸ்தியா நகரிலிருந்து உஷ்குலி ஊருக்குச் செல்லும் சாலையில் இறங்கி, காட்டினூடே செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். சாவி ஊரார் ஒருவரின் பொறுப்பில் இருப்பது இவ்வட்டார வழக்கம். அவரைத் தேடிப் பிடித்தால்தான் கதவு திறக்கும். பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஜூலை 28 அன்று நடக்கும் க்விரிக்கோபா திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரளும். கிடா பலியும் விருந்தும் வெளிமுற்றத்தில்தான்.